எந்தப் பக்கம் திருப்புவது?

ஸ்காபரோவில் கேபிள் கட்டணம் கட்டி அலுத்துப்போன சிலர் மறுபடியும் கூரையில் அன்ரெனா பூட்டத் தொடங்கியிருக்கிறார்கள். கடைக்குப் போனால் பத்து வடிவங்களில் கிடைக்கிறது: மீன்முள்ளுப்போல் ஒன்று, வண்ணத்துப்பூச்சிகளை நிரையாக ஒட்டியதுபோல் ஒன்று, தட்டையான கறுப்புப் பலகையாக இன்னொன்று. பெட்டிக்கு மேல் எத்தனையோ மைல் தூரம் பிடிக்கும் என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். எது நல்லது என்று கேட்டால், விஷயம் தெரிந்த கடைக்காரர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார்: நீங்கள் எந்தப் பக்கம் பார்க்கப் போகிறீர்கள்?

ஸ்காபரோவிலிருந்து சி.என். கோபுரம் தென்மேற்கே இருக்கிறது, ஏறத்தாழ 20 கிலோமீற்றர். பஃபலோ நகரத்து நிலையங்களின் கோபுரங்கள் ஒன்ராறியோ ஏரிக்கு அந்தப் பக்கம், தெற்கே சற்றுக் கிழக்காக, 85 முதல் 130 கிலோமீற்றர் தூரத்தில். இரண்டு திசைகளுக்கும் நடுவே 60 பாகை. கோபுரம் கனடாவைத் தரும், ஏரி அமெரிக்காவைத் தரும். ஆகவே அன்ரெனாவைத் தெரிவு செய்வதற்கு முன்னரே ஒரு நாட்டைத் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது.

வானொலிக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இருந்ததில்லை. சிற்றலையும் மத்திய அலையும் எங்கிருந்தோ வந்து ஒரு துண்டுக் கம்பியில் விழும். இலங்கை வானொலியைத் தமிழகம் முழுக்கக் கேட்டதற்கு ஒருவரும் கூரையில் ஏறவில்லை. தொலைக்காட்சி அன்ரெனாவுக்கோ முகமும் உண்டு, முதுகும் உண்டு. அது ஒரு பக்கத்தைப் பார்த்தால் மற்றப் பக்கத்துக்கு முதுகு காட்டும். தெருவில் போகிற எவரும் அண்ணாந்து பார்த்து, இந்த வீட்டார் எந்தத் திசையைப் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். நாம் வாழ்ந்த இடங்களில் அந்த முகம் எப்போது எந்தப் பக்கம் திரும்பியது என்பதை நமது வரலாற்றில் எழுதியவர் குறைவு. எழுதத்தக்க விஷயம் என்று நினைக்கிறேன்.

மீன்முள்ளு வடிவ அன்ரெனா ஜப்பானில் பிறந்தது. சென்டாய் நகரத்தில் இருந்த தொஹோக்கு இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் ஹிதெத்சுகு யாகி பேராசிரியர். ஷின்தாரோ உடா அவருக்குக் கீழே ஆய்வு செய்த இளைஞர். மின் இணைப்புள்ள ஒரு கம்பிக்கு முன்னாலும் பின்னாலும் எதனோடும் இணைக்காத வெறும் கம்பிகளைச் சரியான இடைவெளியில் நிறுத்தினால் அலைகள் ஒரே பக்கமாகக் குவிகின்றன என்று கண்டார்கள். இருவர் பெயரிலும் முதற் கட்டுரை 1926இல் வந்தது. பரிசோதனைகளில் பெரும்பகுதியைச் செய்தவர் உடா. ஆனால் காப்புரிமை யாகியின் பெயரில் எடுக்கப்பட்டது. 1928இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆங்கிலக் கட்டுரையும் யாகி தனியே எழுதியது. அதில் அவர் உடாவின் வேலையைக் குறிப்பிட்டிருந்தாலும் உலகம் ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டது. இன்றும் கடைகளில் ‘யாகி’ என்றுதான் கேட்கிறோம். உதவியாளருடைய பெயர் உதிர்ந்துபோவது எந்தத் துறையிலும் புதினமல்ல.

ஜப்பானிய இராணுவம் இதைக் கவனிக்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் கவனித்தார்கள். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது, பிரித்தானியர் விட்டுப்போன பொருள்களுக்குள் றேடார் பற்றிய ஒரு கையெழுத்துக் குறிப்பேடு ஜப்பானியருக்குக் கிடைத்தது. அதில் ‘யாகி’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. மொழிபெயர்க்க வந்தவர்களுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. எப்படி உச்சரிப்பது என்பதுகூடத் தெரியவில்லை. குறிப்பேட்டை எழுதிய சிப்பாயைப் போர்க்கைதிகளுக்குள் தேடிப் பிடித்துக் கேட்டபோது, அது உங்கள் நாட்டுக்காரர் ஒருவரின் பெயர் என்று அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. மூன்றரை ஆண்டு கழித்து ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் போடப்பட்ட குண்டுகள் தரையிலிருந்து தமது உயரத்தை அளந்து வெடிக்கப் பயன்படுத்திய றேடாரிலும் யாகி அன்ரெனாவே இருந்தது.

போருக்குப் பின் உடா நமது பக்கம் வந்தார். யுனெஸ்கோவின் நிபுணராக 1955 முதல் 1958 வரை புதுடில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுகூடத்தில் பணியாற்றினார். அவர் திரும்பிப் போன அடுத்த ஆண்டு, 1959 செப்டெம்பர் 15இல், டில்லியில் தொலைக்காட்சி ஆரம்பமானது. இந்தியாவின் இலட்சக்கணக்கான கூரைகளில் பின்னர் ஏறிய மீன்முள்ளின் தகப்பன்மாரில் ஒருவர் அங்கே மூன்று ஆண்டு இருந்துவிட்டுப் போனார் என்பதை அறிந்தவர்கள் அதிகமில்லை.

அந்த மீன்முள்ளில் எந்த முள்ளு என்ன செய்கிறது என்று தெரிந்தால் மீதிக் கதை இலகு. கேபிள் இணைக்கப்படும் கம்பி ஒன்றுதான் உண்மையில் அலையை வாங்குவது; பெரும்பாலும் அதை இரட்டையாக மடித்திருப்பார்கள். அதன் நீளம், வருகிற அலையின் நீளத்தில் பாதி. அதற்குப் பின்னால் சற்று நீளமான கம்பி ஒன்று நிற்கும். அது அலையைத் திருப்பி முன்னே தள்ளும். முன்னால் நிற்பவை சற்றுக் கட்டையானவை. அலையை வழிகாட்டி இழுத்து வரும். முன்கம்பிகள் கூடக்கூடப் பார்வை கூர்மையாகும், அகலம் குறையும். தூரத்து நிலையம் வேண்டுமென்றால் முள்ளு அதிகம் வேண்டும். முள்ளு அதிகமானால் திசையில் இம்மியும் பிசகக்கூடாது.

நீளத்தைக் கணக்கிடலாம். 60 மெகாஹேர்ட்ஸ் அலைக்கு நீளம் 5 மீற்றர். கம்பிக்கு இரண்டரை மீற்றர் வேண்டும். 175 மெகாஹேர்ட்ஸ் என்றால் கம்பி 85 சென்ரிமீற்றர். யூ.எச்.எஃப். பட்டையில் 500 மெகாஹேர்ட்ஸுக்கு 30 சென்ரிமீற்றர் போதும். ஆகவே கூரையில் நிற்கும் கம்பியின் நீளத்தைப் பார்த்தே அது எந்தப் பட்டைக்கு வெட்டப்பட்டது என்று சொல்லலாம். பெட்டியில் அச்சடித்த மைல் கணக்குக்கு இந்த வகையான அர்த்தம் எதுவும் இல்லை. அன்ரெனாவுக்குத் தூரம் தெரியாது. அலைநீளமும் திசையும்தான் தெரியும். தூரத்தைத் தீர்மானிப்பது அனுப்பும் கோபுரத்தின் உயரமும் சக்தியும், உங்கள் கூரையின் உயரமும், இடையிலுள்ள பூமியின் வளைவும்.

வளைவுக்கும் ஒரு கணக்கு உண்டு. கோபுரத்தின் உயரத்தை மீற்றரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல் பெருக்கினால் அலையின் அடிவானம் கிலோமீற்றரில் வரும். வாங்கும் அன்ரெனாவுக்கும் அப்படியே செய்து இரண்டையும் கூட்ட வேண்டும். பத்து மீற்றர் பைப்பில் நிற்கும் அன்ரெனாவின் பங்கு 13 கிலோமீற்றர். இந்தச் சின்னக் கணக்கு பாக்குநீரிணையில் நமக்குத் தேவைப்படும். அதற்கு முன், முதலில் பார்த்த ஏரிக்கே ஒருமுறை திரும்புகிறேன்.

ரொறன்ரோவில் தொலைக்காட்சி நிலையம் ஒன்று தொடங்கியது 1952 செப்டெம்பர் 8இல். பஃபலோவில் தொடங்கியது 1948 மே 14இல். இடைப்பட்ட நாலு ஆண்டுகளில் ரொறன்ரோக்காரர் தொலைக்காட்சிப் பெட்டி வாங்காமல் இருக்கவில்லை. வாங்கினார்கள், கூரையில் ஏறினார்கள், ஏரிக்கு அப்பால் திருப்பினார்கள். அந்த நகரம் முதன்முதலில் பார்த்த தொலைக்காட்சி அயல்நாட்டினுடையது. சி.பி.சி. வந்தபின்னும் பலர் திருப்பியதைத் திரும்ப மாற்றவில்லை. அமெரிக்க நிகழ்ச்சிகள் கனடியப் பண்பாட்டை விழுங்கிவிடும் என்று ஒட்டாவா பின்னர் பல தசாப்தங்கள் கவலைப்பட்டு விதிகள் இயற்றியது. 1976இல் 553 மீற்றர் உயரத்தில் சி.என். கோபுரம் எழுந்தபோது நகரத்து நிலையங்கள் பல அதன் உச்சிக்கு ஏறின. அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளின்பின் வந்திறங்கிய நமது ஆட்களுக்கு இந்தக் கதை தெரியாது. ஆனால் அயல்நாட்டின் தொலைக்காட்சியைத் திருப்பிப் பார்க்கும் வித்தையை அவர்களில் பலர் ஊரிலேயே பழகியிருந்தார்கள்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13இல் கொழும்புப் பக்கத்தில் ஐ.ரி.என். என்ற தனியார் நிலையமாகத் தொடங்கி, இரண்டு மாதம் முடிவதற்குள் அரசின் கைக்குப் போனது. அதன் அலை நெடுந்தூரம் போகவில்லை. பெரிய மாற்றம் வந்தது ரூபவாஹினியோடு. ஜப்பானிய அரசு நன்கொடையாகக் கட்டிக்கொடுத்த நிலையம் அது. தொடங்கிய நாள் 1982 பெப்ரவரி 15. சிங்கப்பூர் வீழ்ந்து சரியாக நாற்பது ஆண்டு. தற்செயல்தான். அதே சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியதும் ஒரு பெப்ரவரி 15இல், 1963இல். தொடக்கி வைத்த கலாசார அமைச்சர் எஸ். இராஜரத்தினம் வட்டுக்கோட்டையில் பிறந்தவர். பாக்குநீரிணைக்கு வருகிறேன்.

ரூபவாஹினியின் பிரதான ஒளிபரப்பியை நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலவில் வைத்தார்கள். உயரம் 2,524 மீற்றர். மேலே சொன்ன கணக்கைப் போட்டால் அதன் அடிவானம் 207 கிலோமீற்றர். வீட்டு அன்ரெனாவையும் சேர்த்தால் 220. தீவின் பெரும்பகுதி அதற்குள் அடங்கும். ஆனால் யாழ்ப்பாண நகரம் அந்த மலையிலிருந்து ஏறத்தாழ 305 கிலோமீற்றர். இராமேஸ்வரம் 300. மலையுச்சியில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே தூரம். இரண்டும் அடிவானத்துக்கு வெளியே. ஒன்று அந்த நாட்டுக்குள் இருந்தது, மற்றது வெளியே இருந்தது. அலைக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்படியானால் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் ரூபவாஹினி எப்படித் தெரிந்தது? தூத்துக்குடி 350 கிலோமீற்றர், திருநெல்வேலி 390. இதற்குப் பதில் கடலில் இருக்கிறது. நீரை ஒட்டிய காற்று குளிர்ந்து ஈரமாகக் கிடக்கும். தரையிலிருந்து வரும் சூடான உலர்ந்த காற்று அதன்மேல் போர்வைபோல் படியும். இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையில் அலை வளைந்து, குழாய்க்குள் போவதுபோல் கடல்மட்டத்தை ஒட்டி நெடுந்தூரம் ஓடும். மன்னார் வளைகுடா இதற்கு வாய்ப்பான இடம். காற்று அடங்கிய வெக்கையான இரவுகளில் படம் கண்ணாடிபோல் வரும்; மழையும் காற்றும் வந்தால் திரை முழுக்கப் புள்ளி. தென்மாவட்டத்து வீடுகளில் உயரமான இரும்புப் பைப், நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பி, உச்சியில் நிறைய முள்ளு வைத்த அன்ரெனா, ஒரு பூஸ்டர் என்று ஒரு தலைமுறை ரூபவாஹினிக்காக ஏற்பாடு செய்தது.

அந்தப் பூஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இன்றும் இதே பிழையைச் செய்கிறார்கள். பூஸ்டர் வருகிற எல்லாவற்றையும் பெருக்கும். படத்தையும் பெருக்கும், இரைச்சலையும் பெருக்கும். அதை அன்ரெனாவின் கழுத்தடியிலேயே பூட்டினால், நீளமான வயரில் சிக்னல் தேய்வதற்கு முன் தூக்கிவிடலாம். கீழே ரி.வி.க்குப் பக்கத்தில் வைத்தால் தேய்ந்ததையும் வயர் சேர்த்த இரைச்சலையும் ஒன்றாகத் தூக்கும். அந்தக் காலத்துத் தட்டை வயருக்கு மழைநீரும் உப்புக்காற்றும் பகை. கடற்கரை ஊர்களில் இரண்டு வருடத்தில் வெளுத்து வெடித்துவிடும்.

இத்தனை பாடு எதற்கு? தூத்துக்குடிக்குச் சென்னை 530 கிலோமீற்றர். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியிருந்தாலும் அதன் அலை தெற்கே எட்டவில்லை. இந்திய அரசு ஊரூராகச் சிறிய ஒளிபரப்பிகளை வேகமாக நிறுவத் தொடங்கியது 1984இல்தான். அதற்கு முன்னைய ஓரிரு ஆண்டுகளில் தென்தமிழகத்தின் பல ஊர்களில் ரி.வி. வாங்கியவருக்குத் தெரியக்கூடிய தொலைக்காட்சி இலங்கையினுடையது. ரொறன்ரோ முதலில் பஃபலோவைப் பார்த்ததுபோல அவர்கள் முதலில் கொழும்பைப் பார்த்தார்கள். கிரிக்கெட் பார்த்தார்கள், தமிழ்ப்படம் பார்த்தார்கள், தமிழ்ச் செய்தி பார்த்தார்கள், விளங்காத சிங்கள நாடகத்தையும் பார்த்தார்கள். அந்த நிகழ்ச்சிகள் வண்ணத்தில் வந்தன; இந்தியாவில் வண்ணம் தொடங்கியதே 1982இன் நடுப்பகுதியில்.

அந்த மலையிலிருந்து கிரிக்கெட் மட்டும் புறப்படவில்லை. 1983 ஜூலையில் கொழும்பிலும் மலையகத்திலும் தமிழர் கொல்லப்பட்டு வீடுகளும் கடைகளும் எரிந்துகொண்டிருந்தன. 28ஆம் திகதி ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தன தொலைக்காட்சியில் நாட்டுக்கு உரையாற்றினார். பாதிக்கப்பட்ட தமிழருக்கு ஓர் ஆறுதல் சொல் அதில் இல்லை. சிங்கள மக்களின் மனக்குறையை விளக்குவதில்தான் அவர் அக்கறை காட்டினார். தமிழ்நாட்டின் தென்கரையில் இருந்தவர்கள் விரும்பித் திருப்பி வைத்திருந்த நிலையமும் அதுதான்.

யாழ்ப்பாணத்தில் இதே கதை மறுபக்கமாக நடந்தது. தொடக்கத்தில் ரூபவாஹினியைப் பிடிக்கவே உயரமான பைப் வேண்டியிருந்தது. பின்னர் வன்னியில் கொக்காவிலில் இருந்த மறுஒளிபரப்பு நிலையம் அதை எட்டச் செய்தது. ஆனால் ஆசை இந்தியப் பக்கம்தான் இருந்தது. சென்னை நேரே வடக்கே 380 கிலோமீற்றர், முழுக்கக் கடலும் கடற்கரையும். நல்ல இரவில் கிடைக்கும், கெட்ட இரவில் இல்லை. பிறகு கொடைக்கானல் மலையில் தூரதர்ஷன் உயர்சக்தி ஒளிபரப்பியை வைத்தது. வரைபடத்தில் அளந்து பாருங்கள்: யாழ்ப்பாணத்துக்குக் கொடைக்கானல் 285 கிலோமீற்றர். பிதுருதலாகலவைவிட 20 கிலோமீற்றர் கிட்ட. தன் நாட்டின் உயர்ந்த கோபுரத்தைவிட அயல்நாட்டின் கோபுரம் அருகில் இருந்த நகரம் அது.

கூரையில் ஒருவர் பைப்பைப் பிடித்துத் திருப்புவார், முற்றத்தில் ஒருவர் நிற்பார், உள்ளே ரி.வி.க்கு முன்னால் ஒருவர் இருப்பார். “இப்ப?” “இன்னும் கொஞ்சம்.” “இப்ப?” “ஐயோ, முந்தி இருந்ததுதான் நல்லம், திருப்பி விடுங்கோ அண்ணை!” என்று மூன்று பேரும் கத்துவது ஒழுங்கைக்கே கேட்கும். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமை படம். இடையில் டில்லியின் தேசிய நிகழ்ச்சி இந்தியில் வந்து குந்திவிடும். 1987 ஜனவரி முதல் அடுத்த ஆண்டு ஜூலை வரை ஞாயிறு காலையில் ‘ராமாயண்’. அதன் இடைக்காலத்தில்தான் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. 1987 ஒக்ரோபரில் சண்டை மூண்டது. யாழ்ப்பாணத்துக்குள்ளேயே ஒளிபரப்பிய, புலிகளின் ‘நிதர்சனம்’ தொலைக்காட்சி அந்தச் சண்டையின் தொடக்கத்திலேயே இந்தியப்படையால் முடக்கப்பட்டது. இந்தியாவின் படத்துக்காகத் திருப்பி வைத்த அன்ரெனாக்களுக்குக் கீழே இந்தியாவின் கவச வாகனங்கள் போயின.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. ஜூலையில் கொக்காவில் முகாம் வீழ்ந்தது. அங்கே காவலிருந்த படையினருள் பெரும்பாலானோர் உயிரிழந்தனர், வடக்குக்கான மறுஒளிபரப்பும் அதோடு போனது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமும் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். தொலைக்காட்சிக்கு ஜெனறேற்றரும் மண்ணெண்ணெயும் வேண்டும். மண்ணெண்ணெய் விலை அப்போது எப்படி இருந்தது என்பதை வாழ்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். அன்ரெனாக்கள் வெறுமனே நின்றன.

இனி ஒரு கணக்கு. 1995இல் தூரதர்ஷன் இராமேஸ்வரத்தில் 323 மீற்றர் உயரக் கொங்கிறீற் கோபுரம் ஒன்றைக் கட்டி முடித்தது. இவ்வளவு உயரம் இராமேஸ்வரம் தீவுக்கும் இராமநாதபுரத்துக்கும் மட்டும் தேவைப்பட்டிருக்காது என்பது என் அபிப்பிராயம். 323இன் வர்க்கமூலம் 18க்குச் சற்றுக் குறைவு, 4.12ஆல் பெருக்கினால் 74 கிலோமீற்றர். பத்து மீற்றர் பைப்புக்கான 13ஐக் கூட்டினால் 87. இராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு ஏறத்தாழ 88 கிலோமீற்றர். சாதாரண வீட்டுக் கூரையில், கடலின் தயவு இல்லாமல், எல்லா இரவும் படம் வரத் தேவையான உயரம் அநேகமாகச் சரியாக அதுதான். அந்தக் கோபுரம் எழுந்த அதே ஆண்டு, ஒக்ரோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து மக்கள் வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால் நடந்து வெளியேறினார்கள். கோபுரம் பார்த்த திசையில் மின்சாரமும் இல்லை, வீட்டில் ஆட்களும் இல்லை.

அயல்நாட்டைப் பார்க்கும் அன்ரெனா குற்றமாகக் கருதப்பட்ட இடமும் உண்டு. 1980களில் நம்மவரில் பலர் கிழக்கு பெர்லின் விமானநிலையத்தில் இறங்கி, நகர ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் போனவர்கள். அவர்கள் கடந்து போன கிழக்கு ஜேர்மனியின் கூரைகளில் அன்ரெனாக்கள் பெரும்பாலும் மேற்கையே பார்த்து நின்றன. தென்பகுதிக் கிராமங்களில் பவேரியாவின் ஒக்ஸன்கோப் மலையிலிருந்து வரும் அலைக்கென்றே நீளமான கம்பி வெட்டிய அன்ரெனா ஒரு தனிச் சாதியாக இருந்தது. அதை அந்த மலையின் பெயராலேயே அழைத்தார்கள். 1961இல் பெர்லின் மதில் எழுந்த கையோடு கட்சியின் இளைஞர் அமைப்பு வீடு வீடாக அனுப்பப்பட்டது. மேற்கைப் பார்த்த அன்ரெனாக்களைத் திருப்பச் சொன்னார்கள், சில இடங்களில் தாமே ஏறிப் பிடுங்கினார்கள். அது நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் எல்லாம் மறுபடி மேற்கே திரும்பின. ட்ரெஸ்டன் நகரம் பள்ளத்தாக்கில் கிடந்ததால் அங்கே பெரும்பாலான அன்ரெனாக்களால் மேற்கைப் பிடிக்க முடியவில்லை. மற்றவர்கள் அதை ஒன்றும் அறியாதவர்களின் பள்ளத்தாக்கு என்று கேலி செய்தார்கள்.

இந்தக் கதைகள் எல்லாம் நடக்கக் காரணம் அன்றைய ஒளிபரப்பு அனலொக் முறையில் இருந்ததுதான். அலை மெலிந்தால் படம் மங்கும், புள்ளி விழும், நிழல் விழும். ஆனாலும் ஏதோ தெரியும். பாதி தெரிந்த படத்தைப் பார்த்து மீதியை ஊகிக்க ஒரு தலைமுறைக்குப் பழகியிருந்தது. டிஜிற்றலில் அப்படி இல்லை. ஓர் அளவுக்கு மேல் சிக்னல் இருந்தால் படம் முழுமையாக வரும். அந்த அளவுக்குக் கீழே போனால் கறுப்புத் திரை. கனடாவின் பெருநகரங்களில் அனலொக் 2011 ஓகஸ்ற் 31இல் முடிந்தது, பிரித்தானியாவில் 2012 ஒக்ரோபரில். இந்தியா தன் அனலொக் ஒளிபரப்பிகளில் மிகப் பெரும்பாலானவற்றை 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிட்டது. கடலைத் தாண்டி மங்கலாக வந்த அந்தப் படம் இனி வராது.

கடையில் நிற்பவருக்குச் சொல்லக்கூடியது இவ்வளவு. ரொறன்ரோவில் பெரும்பாலான நிலையங்கள் இப்போது யூ.எச்.எஃப். பட்டையில், 608 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே இருக்கின்றன. கட்டைக் கம்பி போதும், வீ.எச்.எஃப்.இல் மிஞ்சியிருப்பதும் வேண்டுமென்றால் ஒன்றிரண்டு நீளக் கம்பியுள்ளதைத் தேடுங்கள். ஸ்காபரோவில் இருப்பவர் அன்ரெனாவின் முகத்தை ஏரிக்குத் திருப்பலாம், சி.என். கோபுரம் அவ்வளவு கிட்ட இருப்பதால் பக்கவாட்டிலும் பெரும்பாலும் வந்துவிடும். முழங்கை தூரத்தில் கோபுரம் இருக்கையில் பூஸ்டர் போட்டால் நன்மையைவிடத் தீமை அதிகம். லண்டனில் பிரதான கோபுரத்துக்குக் கம்பிகளைப் படுக்கையாக வைக்க வேண்டும். சிறிய துணைக்கோபுரங்களுக்குப் பெரும்பாலும் நிமிர்த்தி. பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சுவிஸில் இருப்பவர்கள் காசைச் செலவழிக்க வேண்டாம்: தேசிய ஒளிபரப்பு 2019 ஜூன் 3ஆம் திகதியோடு கூரை அன்ரெனாவைக் கைவிட்டுவிட்டது, எல்லைக்கு அருகே இருந்தால் மட்டும் ஜேர்மனியோ பிரான்ஸோ இத்தாலியோ அகப்படும்.

இவற்றில் தமிழ் எங்கே என்று இளையவர்கள் கேட்பார்கள். மேற்கில் தமிழ் கூரைக்கு வந்தது சற்றலைற் தட்டு வழியாக, பிறகு இணையம் வழியாக. சாதாரண அன்ரெனாவில் தமிழ் வருகிற இடம் வேண்டுமென்றால் சிங்கப்பூருக்குப் போக வேண்டும். அங்கே ‘வசந்தம்’ அலைவரிசை காற்றில் இலவசமாக வருகிறது. நீரிணைக்கு அப்பால் மலேசியாவில் ஆர்.ரி.எம். தமிழ்ச் செய்தி தருகிறது. அங்கும் இரு கரையினரும் நெடுங்காலம் ஒருவரையொருவர் திருப்பிப் பார்த்தவர்கள்தான்.

ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய வீட்டுக் கூரையில் துருப்பிடித்த பைப்பும் அன்ரெனாவும் இன்னும் நின்றால், அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் ஒரு படம் எடுங்கள். கைபேசியில் உள்ள திசைகாட்டியால் அது எங்கே பார்க்கிறது என்று குறியுங்கள். மடித்த கம்பியின் நீளத்தை அளந்து எழுதுங்கள். யாழ்ப்பாணத்தில் அது நேரே வடக்கைப் பார்த்தால் சென்னை. மேற்கே சற்று வடக்காக என்றால் கொடைக்கானல். மேற்கே சற்றுத் தெற்காக என்றால் இராமேஸ்வரம். தென்கிழக்கு என்றால் கொக்காவில். தெற்கே சற்றுக் கிழக்காக என்றால் பிதுருதலாகல. காற்று திருப்பியிருக்கவும் கூடும். பைப்பை இறுக்கிய கிளம்பு துருவேறி இறுகியிருந்தால் திருப்பியிருக்காது.